‘செக்’: எப்போது சி–கே, எப்போது க்யூ?

தமிழ்ச் செய்தித்தாள் ஒன்றைப் புரட்டினால் ‘செக்’ என்ற சொல் ஒரே நாளில் பல பக்கங்களில் கண்ணில் படும். அரசியல் பக்கத்தில் ஒரு கட்சி இன்னொரு கட்சிக்கு ‘செக்’ வைத்திருக்கும். மாவட்டச் செய்தியில் செக் மோசடி வழக்கின் தீர்ப்பு. மாநில எல்லையில் செக்போஸ்ட் சோதனை. பண்டிகை விளம்பரத்தில் செக் ஷர்ட். டென்னிஸ் செய்தியில் செக் குடியரசு வீராங்கனை. தமிழ் எழுத்தில் எல்லாம் ஒன்றுதான். அதே செய்திகளை ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் கை தயங்குகிறது: சி, எச், இ, சி, கே என்று எழுதுவதா, சி, எச், இ, க்யூ, யூ, இ என்று எழுதுவதா?

செக் குடியரசை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அது ஓர் இனத்தின் பெயர். ‘சி–இசட்’ என்று தொடங்கும் அதன் ஆங்கில எழுத்துக்கூட்டல் போலந்து மொழி வழியாக வந்தது. மற்றவற்றோடு அதற்கு எந்த உறவும் இல்லை, ஒலி ஒற்றுமை தற்செயல். மீதமுள்ள நான்கும் ஒரே வேரில் முளைத்தவை. காசோலையும் சோதனைச் சாவடியும் கட்டம் போட்ட சட்டையும் சதுரங்கப் பலகையிலிருந்து எழுந்து வந்தவை என்று சொன்னால் நம்பச் சற்றுக் கடினமாகத்தான் இருக்கும். ஆனால் அதுதான் உண்மை. அந்த வேர் தெரிந்துவிட்டால் எழுத்துக்கூட்டலை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

அவசரமாக விடை தேடி வந்தவர்களுக்காக விதியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தியா, இலங்கை, பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா ஆகிய நாடுகளின் ஆங்கிலத்தில், வங்கியில் கொடுக்கும் காசோலைக்கு மட்டும் க்யூ வடிவம். சரிபார்ப்பது, தடுப்பது, நிறுத்துவது, ராஜாவைத் தாக்குவது, கட்டம் போட்ட துணி என மற்ற எல்லாவற்றுக்கும் சி–கே வடிவம். அமெரிக்காவில் காசோலைக்கும் சி–கேதான். ‘தயவுசெய்து விவரங்களைச் சரிபார்க்கவும்’ என்று எழுதும்போது க்யூ போடுவது எந்த நாட்டு ஆங்கிலத்திலும் பிழை. க்யூ வடிவத்துக்குச் சரிபார்த்தல் என்ற பொருள் இன்று அறவே கிடையாது.

இனி, ஏன் அப்படி என்பதற்கு வருவோம்.

அரசனைக் கூப்பிட்ட குரல்

இந்தியாவில் சதுரங்கமாக இருந்த ஆட்டம் பாரசீகத்துக்குப் போய் ‘சத்ரங்’ ஆனது, அரபியில் ‘ஷத்ரஞ்ச்’ ஆனது. பாரசீகத்தில் அரசனுக்கு ‘ஷா’ என்று பெயர். எதிராளியின் ராஜாவைத் தாக்கும் காயை நகர்த்தியதும் ‘ஷா!’ என்று குரல் கொடுத்து எச்சரிப்பது வழக்கம். ‘உன் அரசனுக்கு ஆபத்து, பார்த்துக்கொள்’ என்பது அதன் பொருள். ராஜாவுக்குப் போக்கிடமே இல்லாமல் போனால் ‘ஷா மாத்’. ‘மாத்’ என்பதற்கு அரபி வழியில் ‘இறந்தான்’ என்று ஒரு விளக்கமும், பாரசீக வழியில் ‘செயலற்றுப் போனான்’ என்று இன்னொரு விளக்கமும் உண்டு. ஆட்டத்தில் ராஜாவை யாரும் வெட்டி எடுப்பதில்லை, அவன் நகர முடியாமல் நிற்பதோடு ஆட்டம் முடிந்துவிடுகிறது. அதனால் இரண்டாவது விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ஆட்டம் ஐரோப்பாவுக்குள் நுழைந்தபோது இந்த ‘ஷா’வும் கூடவே போனது. இடைக்கால லத்தீனில் அது ‘ஸ்காக்கஸ்’ ஆயிற்று. பழைய பிரெஞ்சில் ‘எஷெக்’ ஆயிற்று. அந்த எஷெக்கின் முதலெழுத்து உதிர்ந்து ஆங்கிலத்தில் ‘செக்’ பிறந்தது. அதன் பன்மை வடிவம்தான் ‘செஸ்’. ஜெர்மானியர்களின் ‘ஷாக்’, இத்தாலியர்களின் ‘ஸ்காக்கி’, ரஷ்யர்களின் ‘ஷாக்மத்தி’ எல்லாம் இதே ஷாவின் வாரிசுகள். ஸ்பானிய மொழியோ அரபியின் ஷத்ரஞ்சை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை ‘அஹெத்ரேஸ்’ என்கிறது. அதாவது ஸ்பெயின்காரர்களின் பெயரில் நம் சதுரங்கம் ஒளிந்திருக்கிறது, ஆங்கிலேயர்களின் பெயரில் பாரசீக அரசன் ஒளிந்திருக்கிறான்.

பலகையில் ‘செக்’ என்ற குரல் கேட்டதும் என்ன நடக்கிறது? எதிராளி தான் யோசித்து வைத்த திட்டத்தையெல்லாம் அப்படியே நிறுத்தியாக வேண்டும். ராஜாவைக் காப்பாற்றும் வரை வேறு நகர்வுக்கு இடமில்லை. இங்கிருந்துதான் ஆங்கிலத்தில் இச்சொல்லின் அடுத்த பொருள் கிளைக்கிறது: திடீரென்று நிறுத்துதல், முன்னேற விடாமல் தடுத்தல், அடக்கி வைத்தல். சரிபார்த்தல் என்ற பொருள் இதற்கெல்லாம் பிந்தியது. தவறு நடக்காமல் தடுப்பதற்காகக் கணக்கை ஒத்துப் பார்ப்பது என்ற வழியில் அது வந்து சேர்ந்தது. இன்று நாம் ‘செக் பண்ணு’ என்று சொல்லும் பொருள் கடைசியில் பிறந்து மூத்த பொருள்களையெல்லாம் மறைத்துவிட்டது.

தமிழ் அரசியல் செய்திகளில் வரும் ‘செக் வைத்தார்’ என்ற வழக்கு, அந்தப் பழைய பொருளை ஆட்டத்தின் சூட்டோடு வைத்திருக்கிறது. அங்கே யாரும் எதையும் சரிபார்க்கவில்லை. ஒருவரின் நகர்வை இன்னொருவர் முடக்குகிறார்.

கட்டம் போட்ட மேசை

க்யூ எழுத்து எங்கிருந்து வந்தது என்பதற்கு 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கருவூலத்துக்குப் போக வேண்டும். அரசனுக்கு வர வேண்டிய வரிப்பணத்தை ஒவ்வொரு மாவட்டத்திலும் ஷெரீஃப் என்ற அதிகாரி திரட்டிக் கொண்டுவந்து கணக்கு ஒப்பிப்பார். ஈஸ்டரை ஒட்டி ஒருமுறை, செப்டம்பர் இறுதியில் மைக்கேல்மஸ் பண்டிகையை ஒட்டி ஒருமுறை. அக்காலத்தில் எழுத்தில் இருந்தவை ரோமானிய எண்கள். அவற்றை வைத்துக் கூட்டல் கழித்தல் செய்வது பெரும்பாடு. அதற்காக ஒரு மேசையின் மேல் கோடுகள் போட்ட கறுப்புத் துணியை விரித்து, பென்னிக்கு ஒரு பத்தி, ஷில்லிங்குக்கு ஒரு பத்தி, பவுண்டுக்கு ஒரு பத்தி, இருபதுக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிப் பத்தி என்று பிரித்து, வில்லைகளை நகர்த்தி நகர்த்திக் கணக்குப் பார்த்தார்கள்.

இரண்டாம் ஹென்றியின் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170களில் இந்த முறையை விரிவாக எழுதி வைத்தார். மேசை சுமார் பத்தடி நீளம், ஐந்தடி அகலம், வில்லைகள் உருண்டு விழாதபடி நான்கு விரற்கடை உயரத்துக்குச் சுற்று விளிம்பு என்பது வரை அவர் குறிப்பில் இருக்கிறது. பார்வைக்கு அது சதுரங்கப் பலகைபோல் இருந்ததால் லத்தீனில் ‘ஸ்காக்காரியம்’ என்றும், பிரெஞ்சில் ‘எஷெக்கியே’ என்றும் அழைக்கப்பட்டது. இரண்டுக்கும் பொருள் சதுரங்கப் பலகை. பெயர் பொருந்துவதற்கு ஃபிட்ஸ்நீல் இன்னொரு காரணமும் சொல்கிறார்: பலகையில் இரண்டு அரசர்கள் மோதுவதுபோல, இந்த மேசையில் பொருளாளரும் ஷெரீஃபும் எதிரெதிரே அமர்ந்து மோதுகிறார்கள். வரி கட்டுபவருக்கும் வசூலிப்பவருக்கும் இடையிலான உறவை இதைவிடச் சரியாகச் சொல்லிவிட முடியாது.

அந்த மேசையின் பெயரே துறையின் பெயராகி ஆங்கிலத்தில் ‘எக்ஸ்செக்கர்’ ஆனது. பிரிட்டனின் நிதியமைச்சரை இன்றும் ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’ என்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மூலச் சொல்லில் எக்ஸ் என்ற எழுத்தே இல்லை. ‘எஸ்’ என்று தொடங்கிய பிரெஞ்சுச் சொல்லைப் பார்த்து, இது லத்தீனின் ‘எக்ஸ்’ முன்னொட்டு சிதைந்த வடிவம் என்று படித்தவர்கள் தவறாக எண்ணி, திருத்துவதாக நினைத்து எக்ஸைச் சேர்த்தார்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலின் பல சிக்கல்களுக்குப் பின்னால் இப்படிப்பட்ட அதிமேதாவித் திருத்தங்கள் இருக்கின்றன.

அதே கருவூலத்தில்தான் காசோலைக்குத் தூரத்து மூதாதை ஒன்றும் இருந்தது. பணம் கட்டியவருக்கு ரசீதாக ஒரு மரக்குச்சி. தொகைக்கு ஏற்ப அதில் வெட்டுகள்: ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கைப் பருமன், நூறுக்குக் கட்டைவிரல் பருமன், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு ஒரு வாற்கோதுமை மணி அளவு. வெட்டிய பிறகு குச்சியை நீளவாக்கில் பிளந்து ஒரு பாதியைக் கட்டியவரிடம் கொடுத்துவிட்டு, மறுபாதியைக் கருவூலம் வைத்துக்கொள்ளும். பின்னால் சந்தேகம் வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். மர ரேகையும் வெட்டும் பொருந்தாவிட்டால் மோசடி. ரசீதுப் புத்தகத்தில் கிழித்துக் கொடுத்தபின் நம்மிடம் தங்கும் பகுதியைத் தமிழில் ‘அடிக்கட்டை’ என்கிறோம். அந்தக் கட்டை இங்கே உண்மையாகவே கட்டையாக இருந்தது. இந்த முறை 1826 வரை நீடித்தது. அதன்பின் குவிந்து கிடந்த பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபையின் கீழிருந்த உலைகளில் போட்டு எரித்தார்கள். புகைபோக்கிகள் அளவுக்கு மீறிச் சூடேறி, பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கட்டடத்தின் பெரும்பகுதி அன்றிரவு எரிந்து போனது. இன்று லண்டனில் நாம் பார்க்கும் நாடாளுமன்றம் அதற்குப் பிறகு எழுப்பியது.

க்யூ ஏன் வந்தது?

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருவூலப் பத்திரங்களும் வங்கித் தாள்களும் பெருகியபோது, மோசடியைத் தடுக்கத் தாளின் ஒரு பகுதியைக் கிழிக்காமல் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். கொடுத்த தாளை அதோடு ஒப்பிட்டு உண்மையா போலியா என்று அறியலாம் என்பதால், அந்த அடிக்கட்டைக்குத்தான் முதலில் ‘செக்’ என்று பெயர். தடுப்பதற்கும் ஒத்துப் பார்ப்பதற்கும் உதவும் துண்டு. போகப்போக, அடிக்கட்டை வைத்து அச்சிட்ட தாளுக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இன்று நாம் கையெழுத்திட்டுக் கிழித்துக் கொடுப்பது அதைத்தான்.

தொடக்கத்தில் பெரும்பாலோர் அதையும் சி–கே போட்டே எழுதினார்கள். க்யூ போட்டு எழுதும் எக்ஸ்செக்கரின் சாயலில் இதற்கும் க்யூ போட்டவர்களும் இருந்தார்கள். இரண்டும் கலந்து கிடந்தன. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜேம்ஸ் வில்லியம் கில்பார்ட் என்ற லண்டன் வங்கியாளர், தன் வங்கியியல் நூலின் அடிக்குறிப்பில் இந்தச் சிக்கலை எடுத்துப் பேசினார். பலரும் சி–கே என்றே எழுதுகிறார்கள், ஆனால் நான் க்யூ வடிவத்தை எடுத்துக்கொள்கிறேன், அதில் பொருள் மயக்கம் இல்லை, அரசுக் கருவூலத்தின் பெயரோடும் அது ஒத்துப்போகிறது என்பது அவருடைய வாதம். பிரிட்டனில் அந்த வடிவமே நின்றது. பிரிட்டனின் சட்டமும் வங்கியும் போன இடங்களுக்கெல்லாம் அதுவும் போனது.

எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். ஆங்கில எழுத்துக்கூட்டல் என்றாலே காரணமற்ற குழப்பம் என்று நினைக்கப் பழகியிருக்கிறோம். இங்கே ஒருவர் உட்கார்ந்து யோசித்து, ஒரே ஒலியுள்ள இரண்டு பொருள்களைத் தாளில் பிரித்துக் காட்ட வேண்டும் என்ற தெளிவான நோக்கத்தோடு ஒரு வடிவத்தைத் தேர்ந்திருக்கிறார். வரவு செலவு எழுதும் ஆளுக்கு அது உண்மையான உதவி. காசோலையைச் சரிபார்க்கவும் என்பதை ஆங்கிலத்தில் சொன்னால் காதில் ‘செக்’ இரண்டு முறை விழும். எழுத்தில் முதலாவது சி–கே, இரண்டாவது க்யூ என்று பிரிந்துவிடுகிறது.

இன்னொரு தவறான எண்ணமும் இதனால் விலகுகிறது. அமெரிக்கர்கள் எழுத்துகளைச் சுருக்கும் பழக்கத்தில் க்யூவைக் கைவிட்டார்கள் என்று பள்ளியிலேயே சிலர் சொல்லிக் கொடுக்கிறார்கள். இச்சொல்லைப் பொறுத்தவரை அது தலைகீழ். அமெரிக்கர்கள் பழைய வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள், மாறியது பிரிட்டன்தான். விதிவிலக்காக, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் தன் பயணிகள் காசோலைக்கு மட்டும் க்யூ வடிவத்தையே பயன்படுத்தியது. பல நாடுகளில் செல்ல வேண்டிய தாள் அது.

தடுப்பதா, பார்ப்பதா?

பொருள்கள் பக்கம் வந்தால், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. செக் என்றதும் சரிபார்த்தல் என்று கை தானாக எழுதிவிடும். தடுத்தல் என்ற மூத்த பொருள் நினைவுக்கு வராது.

அமெரிக்க அரசமைப்பைப் பற்றிப் பேசும்போது வரும் ‘செக்ஸ் அண்ட் பேலன்சஸ்’ என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவைக் குடியரசுத் தலைவர் ரத்து அதிகாரத்தால் நிறுத்தலாம். இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையோடு அந்த ரத்தைத் தாண்டலாம். தலைவர் நியமிக்கும் நீதிபதியை செனட் ஏற்க மறுக்கலாம். ஒருவர் இன்னொருவரின் கணக்கைச் சரிபார்ப்பதைப் பற்றிய பேச்சு அல்ல இது. ஒருவர் எல்லை மீறினால் இன்னொருவர் மறித்து நிற்க முடியும் என்ற பேச்சு. ‘தடைகளும் சமன்களும்’ என்றால் பொருள் நிற்கும், ‘சரிபார்ப்பும் சமநிலையும்’ என்றால் உயிரே போய்விடும்.

‘அன்செக்ட்’ என்ற சொல்லும் அப்படித்தான். படிவத்தில் ஒரு கட்டம் ‘அன்செக்ட்’ என்றால் குறியிடாதது. நகரத்தின் வளர்ச்சி ‘அன்செக்ட்’ என்றால் கட்டுப்பாடு இல்லாதது. விலைவாசியை ‘இன் செக்’ வைப்பது என்றால் கட்டுக்குள் வைப்பது. சரிபார்க்கப்படாத வளர்ச்சி என்று ஒருவர் தமிழில் எழுதினால், படிப்பவருக்கு ஒன்றுமே விளங்காது.

இந்த இடத்தில் நம் பொதுப்பணித்துறைத் தமிழைப் பாராட்டியே ஆக வேண்டும். ஓடையின் குறுக்கே நீரைத் தேக்கக் கட்டும் சிறிய அணையை ஆங்கிலத்தில் ‘செக் டேம்’ என்கிறார்கள். அது வெள்ளத்தின் வேகத்தை மறித்து, மண் அரிப்பைக் குறைத்து, நீரை நிலத்துக்குள் இறங்க வைக்கிறது. அதற்குத் தமிழில் ‘தடுப்பணை’ என்று பெயர் வைத்தவர் பொருளின் ஆணிவேரைத் தொட்டுவிட்டார். ‘செக்போஸ்ட்’ தமிழில் ‘சோதனைச் சாவடி’ ஆனது. வண்டியை நிறுத்துவதும் சோதிப்பதும் அங்கே சேர்ந்தே நடப்பதால் அதிலும் குறையில்லை.

அமெரிக்க வழக்கில் இச்சொல்லுக்கு இன்னும் சில கிளைகள் உண்டு. அங்கே உணவகத்தில் ‘செக்’ கேட்டால் பில் கொண்டுவருவார்கள். நாம் ‘டிக்’ அடிப்பது என்பதை அவர்கள் ‘செக்’ குறி என்கிறார்கள். ஒப்படைத்த பொருளுக்கு அடையாளமாகக் கொடுக்கும் வில்லையும் அங்கே செக்தான். 19ஆம் நூற்றாண்டு ரயில்களில் பயணியின் பெட்டிக்கு ஒரு பித்தளை வில்லை, அவர் கையில் அதே எண்ணுள்ள இன்னொன்று என்று கொடுத்தார்கள். விமான டிக்கெட்டில் ‘செக்ட் பேகேஜ்’ என்று வருவது அந்த வழக்கத்தின் எச்சம். சோதனையிடப்பட்ட பெட்டி என்று அதைப் பொருள்கொள்ளக் கூடாது, அடையாளம் பெற்றுக்கொண்டு நிறுவனத்திடம் ஒப்படைத்த பெட்டி என்பதே சரி. பேஸ்பால் ஆட்டம் மழையால் நின்றுபோனால் வேறொரு நாள் வந்து பார்க்கத் தரும் சீட்டு ‘ரெயின் செக்’. இன்று அழைப்பை ஏற்க முடியவில்லை, இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லவும் அதே தொடர் பயன்படுகிறது.

கட்டம் போட்ட துணிக்கு வரலாறு குறுகியது. சதுரங்கப் பலகையைக் குறித்த ‘செக்கர்’ சுருங்கித் துணியின் ‘செக்’ ஆனது. சட்டை எங்கும் சி–கேதான். ஆனால் கறுப்பு வெள்ளைக் கட்டக்கொடி, ஏற்ற இறக்கம் நிறைந்த கடந்தகாலம் என்று வரும்போது பிரிட்டிஷ் ஆங்கிலம் ‘செக்கர்ட்’ என்பதைக் க்யூ போட்டு எழுதும், அமெரிக்க ஆங்கிலம் சி–கே போட்டு எழுதும். இந்தக் கட்டத் துணியில் சென்னைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ‘மெட்ராஸ்’ என்ற ஊர்ப் பெயரே உலகச் சந்தையில் ஒருவகைக் கட்டத் துணியின் பெயராக நிலைத்தது. மெட்ராஸ் கைக்குட்டை என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போன கட்டத் துணியை நைஜீரியாவின் கலபாரி மக்கள் ‘இன்ஜிரி’ என்று அழைத்து, பிறப்பு இறப்புச் சடங்குகள் வரை போற்றிப் பயன்படுத்துகிறார்கள்.

கையெழுத்திடும் இடத்தில்

நம் நாட்டில் க்யூ வடிவத்துக்குச் சட்டத்தின் பலமும் உண்டு. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 6ஆம் பிரிவில் காசோலைக்கு இலக்கணம் சொல்லும்போது க்யூ வடிவத்தில்தான் சொல்கிறது. ‘செக் பவுன்ஸ்’ வழக்குகள் வரும் 138ஆம் பிரிவு 1988இல் சேர்க்கப்பட்டு 1989 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதிலும் அதே வடிவம். காசோலை திரும்பியதாக வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அது கிடைத்த 15 நாளுக்குள் பணம் வராவிட்டால் வழக்குக்கு வழி பிறக்கும். அப்படிப்பட்ட நோட்டீஸிலோ வங்கிக்குக் கொடுக்கும் கடிதத்திலோ சி–கே போடுவது பொருளைக் கெடுத்துவிடாது, ஆனாலும் சட்டத்தின் சொல்லை அப்படியே எழுதுவதுதான் முறை. கணினியின் எழுத்துப்பிழைத் திருத்தியை இதில் நம்ப முடியாது. இரண்டு வடிவங்களும் அகராதியில் உள்ள சொற்கள் என்பதால், இடம் மாறி விழுந்தாலும் அது பேசாமல் விட்டுவிட வாய்ப்பு அதிகம்.

கைபேசியில் பணம் அனுப்பும் காலத்தில் காசோலையே அருகி வருகிறது. நியூசிலாந்தின் பெரிய வங்கிகள் 2021இல் அதை முழுவதுமாக நிறுத்திவிட்டன. இந்தியாவிலோ 2012 ஏப்ரல் முதல் ஒரு காசோலை தேதியிட்ட நாளிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். அதற்கு முன் ஆறு மாதம். கனடாவில் அன்றாடக் கணக்குக்கு ‘செக்கிங் அக்கவுண்ட்’ என்று பெயர், எழுதுவது க்யூ போட்டு. டொரண்டோவில் புதிதாகக் குடியேறும் தமிழர் வங்கியில் திறக்கும் முதல் கணக்கு பெரும்பாலும் அதுதான். அவர் தன் வாழ்நாளில் ஒரு காசோலைகூடக் கிழிக்காமல் போகலாம், கணக்கின் பெயரில் அந்தக் க்யூ இருந்துகொண்டுதான் இருக்கும்.